ராகலைக்கு வந்த விருந்தாளிகள்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு, ஜப்பானிலிருந்து என் அத்தை மகன் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் அமெரிக்காவில் தாதியாகப் பணியாற்றி, அங்கே கடற்படையில் இருக்கும் ஒருவரை மணந்து, இப்போது கணவரின் இடமாற்றத்தோடு யொக்கோசுக்காவில் குடியிருக்கிறாள். தகப்பனையும் தாயையும் ஒரு மாத காலம் வந்து தங்கும்படி அழைத்திருந்தாள். நீலகிரிக்கு வெளியே அதிகம் செல்லாத மனிதர் அவர். ஜப்பானின் தூய்மையைப் பற்றியோ வேகத் தொடருந்தைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"மச்சான், இங்கேயும் காவக்காரன் இருக்கான்டா!"

படைத்தளத்துக்குள் குடியிருக்கும் மகளின் வீட்டுக்குச் செல்வதற்கு, தளத்தின் வாயிலில் அவருடைய கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தார்களாம். மகள் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டாளாம். அவளுடைய துணையின்றித் தளத்துக்குள் எங்கும் நடமாடக் கூடாதென்றும் சொன்னார்களாம். எத்தனை நாள், யாருடைய வீட்டில், என்ன உறவு என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்களாம். "அம்மா இருந்திருந்தா சிரிச்சிருக்கும்" என்றார்.

அவர் குறிப்பிட்ட சிரிப்பு எனக்குப் புரிந்தது. எங்கள் இருவருடைய பிள்ளைப் பருவமும் ராகலைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தில் கழிந்தது. அங்கே ஒருவருக்கு உறவினர் வந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். மலையகத்தைப் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. கூலி, குடியுரிமை, வேலைநிறுத்தம் என்று நானும் பத்திரிகையில் முப்பது ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறேன். ஆனால் லயத்துக்கு விருந்தாளி வந்த வரலாற்றை எழுதியதில்லை. அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.

வெளிநாட்டு வாசகர்களுக்காக ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக வலப்பனைக்குச் செல்லும் பாதையில் இருக்கிறது ராகலை. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து ராகலை வரை குறுகிய தண்டவாளத்தில் ஒரு சிறு இரயில் ஓடியது. 1904 இல் அப்பாதை ராகலையை எட்டியது, 1940களில் மூடப்பட்டது. எங்கள் தாத்தா அதில் ஏறியவர். "நடந்து போறவன் அதை முந்திடுவான்" என்பார். தேயிலை கீழே போவதற்கென்று போடப்பட்ட பாதை அது. ஆனால் அதே பாதையில்தான் இந்தியாவிலிருந்து உறவுகளும் மேலே வந்தன.

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் புறப்பட்டவர் சில நாட்களில் ராகலை லயத்து வாசலில் நிற்க முடிந்தது. அதற்கு முந்திய தலைமுறையினர் காட்டுவழியே நடந்து வந்து, வழியிலேயே மாண்டவர்கள். ஆகவே 1914 முதல் 1939 வரையான கால் நூற்றாண்டைத்தான் எங்கள் பாட்டிமார் "வரத்தும் போக்குமா இருந்த காலம்" என்று சொல்வார்கள். வந்தவர்கள் கருப்பட்டியும் சுங்குடிச் சேலையும் குலதெய்வத்தின் திருநீறும் கொண்டு வந்தார்கள். திரும்பிச் சென்றவர்கள் தேயிலைத் தூளைக் கட்டிக்கொண்டு போனார்கள். பிற்காலத்தில் அந்த மூட்டையில் ராணி சந்தனச் சவர்க்காரமும் கோடாலித் தைலமும் சேர்ந்துகொண்டன.

ஆனால் வந்தவர்களை எங்கே தங்க வைப்பது? லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பொதுவான அளவு. அதற்கு முன்னால் இஸ்தோப்பு. எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் அம்மாவின் பழைய சேலை ஒன்று காம்பராவின் குறுக்கே திரையாகும். அடுப்பங்கரையை ஒட்டிய இடம் விருந்தாளிக்கு, ஏனென்றால் அங்கேதான் சூடு இருக்கும். அப்பாவும் நாங்களும் படங்குச் சாக்கை விரித்து இஸ்தோப்பில் படுப்போம். ராகலைக் குளிரில் அது எப்படி இருக்கும் என்பதை அங்கே மார்கழியில் ஓர் இரவு தங்கியவர்கள் அறிவார்கள். எவரும் முணுமுணுத்ததாக எனக்கு நினைவில்லை.

இடநெருக்கடியாவது எங்களோடு போயிற்று. அனுமதிதான் அப்படியல்ல.

தோட்டம் என்பது தனியார் நிலம். அதற்குள் செல்லும் பாதையும் தோட்டத்துடையது. வெளியாள் எவரும் துரையின் சம்மதமின்றி உள்ளே வரக்கூடாது என்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்து நடைமுறை. 1939 இல் ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்ததைத் தொடர்ந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகி, தொழிற்சங்கம் தோட்டங்களுக்குள் பரவத் தொடங்கியபோது, சங்க அமைப்பாளர்கள் அத்துமீறிப் பிரவேசித்தவர்களாகவே நடத்தப்பட்டார்கள். அவர்களில் பலர் உறவினர் என்ற பெயரிலேதான் லயங்களுக்குள் நுழைந்தார்கள். கலியாணத்துக்கு வந்தவர், கருமாதிக்கு வந்தவர் என்று சொல்லி இரவில் வந்து கூட்டம் நடத்திவிட்டு விடியுமுன் போய்விடுவார்கள் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். இதனால் உண்மையாகவே கலியாணத்துக்கு வந்தவர்களும் சந்தேகத்துக்குள்ளானார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதற்குப் பின்னர் சந்தேகம் இன்னும் கூடியது.

1976 ஆம் ஆண்டு நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு எட்டு வயது. தோட்டங்கள் அரசுடைமையாகிவிட்டன. துரையும் வெள்ளைக்காரர் அல்லர். பசறைப் பக்கத்திலிருந்து என் தாய்மாமன் மூன்று நாட்கள் தங்குவதற்காக வந்திருந்தார். அவர் வந்ததும் அம்மா செய்த முதற்காரியம், வாசலில் கழற்றி வைத்த அவருடைய சப்பாத்தை உள்ளே எடுத்து வைத்ததுதான். லயத்தில் எவரும் சப்பாத்து அணிவதில்லை. வெளியில் கிடந்தால் வேற்றாள் வந்திருப்பது தெரிந்துவிடும். எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாள் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் முன்னால் கணக்கப்பிள்ளை அப்பாவைக் கேட்டார்:

"யாரைக் கேட்டு ஆளைத் தங்க வைச்சிருக்க?"

"என் மச்சினன்ங்க ஐயா."

"மச்சினனா இருந்தா ஆபிஸ்ல சொல்லத் தேவையில்லையா?"

அப்பா அன்று மாலை அலுவலகத்துக்குப் போய் மாமாவின் பெயர், ஊர், வேலை, வந்த காரணம், போகும் நாள் எல்லாவற்றையும் சொல்லி எழுதுவித்து வந்தார். மாமா இரண்டாம் நாளே புறப்பட்டுவிட்டார். அம்மா அவருக்காக வாங்கி வைத்திருந்த கோழி, அவர் போன பின்னர் இரண்டு நாட்கள் இஸ்தோப்புத் தூணில் கட்டப்பட்டுக் கிடந்தது. அதை அறுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்தக் கணக்கப்பிள்ளை மீது எனக்கு இப்போது கோபம் ஏதுமில்லை. அவருடைய வீடும் தோட்டத்துக்குச் சொந்தமான வீடுதான்.

இதில் நான் நெடுங்காலம் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அந்தக் காம்பராவில் என் தகப்பனாரே சட்டப்படி விருந்தாளிதான். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீட்டில் தொடர்ந்து இருப்பதே அத்துமீறல். இதற்காகத் தண்டனைச் சட்டக் கோவையின் அத்துமீறற் பிரிவைத் துரைமார் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். தோட்ட ஊழியரான செல்வநாயகம் என்பவரின் வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்ஸில் வரை சென்று, 1950 இல் அவருக்குச் சாதகமாகத் தீர்க்கப்பட்டது. வேறு போக்கிடமின்றித் தன் வீட்டில் தங்கியிருப்பவரின் பிரதான நோக்கம் பிறருக்குத் தொல்லை கொடுப்பதாகாது; குடிசார் உரிமையை மலிவாகவும் விரைவாகவும் நிலைநாட்டிக்கொள்வதற்குக் குற்றவியல் சட்டம் ஏற்பட்டதல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நூலகத்தில் தற்செயலாக இத்தீர்ப்பைக் கண்டு, அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். "நல்லதுப்பா, அந்த ஆளுக்கு வீடு கிடைச்சிச்சா?" என்று கேட்டு எழுதியிருந்தார். பதில் எனக்குத் தெரியவில்லை.

அதே மலையில் அனுமதி தேவைப்படாத விருந்தாளிகளும் இருந்தார்கள். நுவரெலியா நகரமே அப்படி உருவானதுதான். 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த வெள்ளைப் படையினர் உடல் தேறுவதற்கான இடமாக அதைத் தெரிவு செய்தார். படையினருக்குப் பின்னால் அவர்களுடைய மனைவியர் வந்தனர். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய விருந்தினர் வந்தனர். தோட்டத்துப் பங்களாக்களில் ஏப்ரல் வசந்த காலத்தில் அறைகள் நிறைந்திருக்கும். சமைத்ததும் படுக்கை விரித்ததும் வெந்நீர் சுமந்ததும் லயத்திலிருந்து சென்ற அப்புமாரும் ஆயாமாரும்.

பிரபல ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன், நம் வரலாற்றுப் பாடநூல்களில் வரும் கோல்புறூக் – கமரூன் ஆணைக்குழுவின் கமரூன்தான். அவர்களுக்கு மலைநாட்டில் தோட்டங்கள் இருந்தன. 1877 இல் ஓவியர் மரியான் நோர்த் களுத்துறையில் இவர்களுடைய வீட்டுக்கு விருந்தினராக வந்தபோது, ஜூலியா அவருக்குச் சால்வை போர்த்தி, தென்னோலைகளுக்கு முன் நிறுத்திப் படமெடுத்தார். அந்த விருந்தோம்பலை நோர்த் தம்முடைய நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். ஆகவே நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னரும் யார் வந்தார், யார் வரவேற்றார் என்பது நமக்குத் தெரிகிறது. ஜூலியா இலங்கையில் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. 1879 இல் அவர் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையைப் பார்க்க இன்றும் வெளிநாட்டார் வருகிறார்கள்.

யொக்கோசுக்காவுக்கும் எங்கள் லயத்துச் சாப்பாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு என்று அன்றிரவு மச்சானிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஞாயிறு காலையில் கொழும்பின் மீது குண்டு வீசிய ஜப்பானியக் கடற்படை அணியிலிருந்த ஷோக்காக்கு, ஹிர்யூ ஆகிய விமானந் தாங்கிக் கப்பல்கள் யொக்கோசுக்கா கட்டுந்தளத்தில் கட்டப்பட்டவை. குண்டு ராகலையில் விழவில்லை. ஆனால் அதற்கு முந்திய மாதமே ரங்கூன் ஜப்பானியர் வசமாகியிருந்தது. இலங்கை உண்டது பெரும்பாலும் பர்மா அரிசி. அது நின்றதும் பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவு வந்தது. அரிசிச் சோறு உண்டு வந்த லயத்துக்குள் ரொட்டி வந்து நிலைத்த கதை இதுதான். இன்று கொழுந்து மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியும் சம்பலும் போர் கொடுத்தவை.

பங்கீட்டு அட்டையில் விருந்தாளிக்கு இடமில்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. வந்தவருக்குச் சோறு போட வேண்டுமானால் வீட்டில் ஒருவர் உண்ணாதிருக்க வேண்டும். என் அப்பாயி இதற்கு ஒரு வழி வைத்திருந்தாராம். வாரம் முழுவதும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது. அந்தப் பானைக்கு விருந்துப் பானை என்று பெயர். 1973–74 பஞ்சத்தில் அந்தப் பானையும் காலியாகி, அப்பாயி அதைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு அப்போது ஐந்து, ஆறு வயது. கவிழ்ந்த பானையின் மீது ஏறி நின்று அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. அடி ஏன் விழுந்தது என்பது அப்போது விளங்கவில்லை.

சட்டங்களை விரைவாகக் கடந்து செல்கிறேன். அவை பலமுறை எழுதப்பட்டவை. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. ஊருக்குப் போனவர் திரும்புவதும் சிக்கலாயிற்று. 1948 இல் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டமும் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் வந்தன. அதன் பிறகு இந்தியாவிலிருந்து தங்கையைப் பார்க்க வரும் அண்ணன் அந்நியர், விசா வேண்டும். விசா இன்றி வந்தவர் கள்ளத்தோணி. பின்னர் அந்தச் சொல் தோணியையே காணாத ராகலைக் குழந்தைகள் மீதும் விழுந்தது.

1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இன்னும் நுட்பமானது. பிரஜாவுரிமை கோரும் குடும்பஸ்தர் 1946 க்கு முன்னர் ஏழு ஆண்டுகள் இடையறாது இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் வதிவு முறிந்தது. மனைவியும் இலங்கையிலேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீடு செல்வது நம் பெண்களின் வழக்கம். தாய் வீடு புதுக்கோட்டையிலோ துறையூரிலோ இருந்தால்? நோய்ப்பட்ட தகப்பனைப் பார்க்கப் போனவள் அவர் இறந்து வருஷ திதி முடியும்வரை தங்கிவிட்டால்? ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காகச் சமர்ப்பிக்கப்பட்டன. முடிவில் பதிவு பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேர். எங்கள் தாத்தாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அப்பாயி தன் தாயின் சாவுக்குப் போய்ப் பதினான்கு மாதங்கள் கழித்துத் திரும்பியதே காரணம் என்று குடும்பத்தில் சொல்வார்கள். அப்பாயி அதைக் கேட்டுக்கொண்டே வெற்றிலை இடிப்பார்; மறுமொழி சொல்ல மாட்டார்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று இரு நாடுகளும் உடன்பட்டன. எங்கள் குடும்பத்தில் அப்பா இலங்கைக்கும் அத்தை இந்தியாவுக்குமாகப் பிரிந்தார்கள். அத்தை குடும்பம் 1981 இல் புறப்பட்டது. நானுஓயா நிலையத்தில் அழுகைக் கோச்சி நின்றபோது, அத்தை யன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, "அண்ணி, தீபாவளிக்கு வந்துடுறேன்." தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பல், பிறகு மண்டபம், பிறகு கோத்தகிரி. மூன்று ஆண்டுகளில் கப்பலும் நின்றுபோயிற்று.

அந்தத் தீபாவளி 2013 இல் வந்தது. எழுபத்தைந்து வயதில், முப்பது நாள் சுற்றுலா விசாவில், அத்தை கட்டுநாயக்காவில் வந்திறங்கினார். குடிவரவு மேடையில் இருந்த இளைஞர் எங்கே தங்குகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அத்தை சிங்களத்திலேயே "ராகல" என்றிருக்கிறார். அவர் வியந்து, இதற்கு முன்னர் இலங்கைக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டாராம்.

மறுநாளே அத்தையை அந்த லயத்துக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் காம்பராவில் இப்போது வேறொரு குடும்பம். அன்று வேலைக்குப் போகாத ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். அத்தை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமாம்மா? நான் பொறந்த வீடு" என்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையணையைத் தட்டி ஓரமாக வைத்து, கட்டிலில் உட்காரச் சொன்னாள். பிளேன்டீ ஊற்றினாள். வீட்டில் சீனி இல்லை போலும். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குப் போய்க் கடன் வாங்கி வந்தாள். அத்தை தேநீரைக் குடிக்காமல் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அடுப்பு அதே மூலையில்தான் இருந்தது. போகும்போது குழந்தையின் கையில் இந்திய ரூபாய்த் தாள் ஒன்றை வைத்தார். பிறகு அது இங்கே செல்லாது என்பது நினைவுக்கு வந்து, என்னிடம் நூறு ரூபாய் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

அத்தையை இருபத்தெட்டு நாட்கள் வீட்டில் வைத்திருந்தோம். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிவிட்டது. ராகலை நகரில் எனக்குச் சொந்தமாக ஒரு சிறு வீடும் இருந்தது. எவரும் எங்களிடம் பெயர் கேட்கவில்லை. ஆயினும் மூன்றாம் நாள் அத்தை என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, நான் வந்திருக்கிறத ஆபிஸ்ல சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் அத்தை என்றேன்.

அவர் 2019 இல் கோத்தகிரியில் காலமானார்.

யொக்கோசுக்காவிலிருந்து பேசிய மச்சானிடம், மகள் எப்படிக் கவனித்துக்கொள்கிறாள் என்று கேட்டேன். வேலை முடிந்து வந்து கீழேயே மெத்தை போட்டுப் படுக்கிறாளாம். தன்னுடைய அறையைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டாளாம். கணவர் கடலில் இருக்கிறார். அந்த வீடு அவர்களுடையதல்ல. அடுத்த இடமாற்ற உத்தரவு வந்தால் எந்த நாட்டுக்குப் போவார்கள் என்பதும் தெரியாதாம். சித்திரைக்கு ராகலைக்கு வர வேண்டும், மகளுக்கும் அந்த லயத்தைக் காட்ட வேண்டும் என்றார். அந்த லயத்திலிருந்து சில குடும்பங்கள் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட புது வீடுகளுக்குப் போய்விட்டன. சீனி கடன் வாங்கி வந்த பெண் இன்னும் பழைய காம்பராவில்தான் இருக்கிறாள். சென்ற வாரம் கடைத்தெருவில் அவளைக் கண்டபோது, சித்திரையில் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லி வைத்தேன்.

"எத்தனை பேருங்க ஐயா?" என்று கேட்டாள்.